முதுகில் இருப்பது பிராணவாயு அல்ல!
ஆழ்கடலில் இறங்குகிறவர்கள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள்?

மாலை நேரம். காரைக்காலில் ஒரு வீடு. டெலிவிஷனில் கடலுக்கு அடியில் ஒருவர் நீந்திக் கொண்டிருக்கிறார். முகத்தில் கண்ணாடி. காலில் வாத்துக் கால் போன்ற துடுப்பு. முதுகில் இரும்புக் குடுவை.

“தாத்தா, முதுகிலே என்னது?” என்று பேரன் கேட்கிறான்.

“அதுதான்டா ஆக்சிஜன் சிலிண்டர். அது இருந்தால் எவ்வளவு ஆழத்துக்கு வேண்டுமானாலும் போகலாம்” என்கிறார் தாத்தா.

தாத்தா மட்டுமா அப்படிச் சொல்கிறார்? நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். பத்திரிகைகளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஆனால் அது தவறு! தவறு மட்டும் அல்ல, ஆபத்தான தவறு. அந்தக் குடுவையில் வெறும் பிராணவாயுவை அடைத்துக்கொண்டு ஒருவர் 20 மீட்டர் ஆழத்துக்கு இறங்கினால், அவர் உயிரோடு திரும்புவது சந்தேகம்.

அப்படியானால் அதில் இருப்பது என்ன?

பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான். ஈரத்தையும் தூசியையும் நீக்கி, இறுக்கி அடைத்த காற்று. அதில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. மற்றதில் ஏறக்குறைய எல்லாமே நைட்ரஜன்.

மிகவும் ஆழத்துக்குப் போகிறவர்கள் இந்தக் காற்றையும் நம்புவது இல்லை. எந்த ஆழத்துக்கு எந்த வாயு, எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டு, கலந்து எடுத்துப் போகிறார்கள். கணக்குத் தவறினால் உயிர் போகும். அந்தக் கணக்கு என்ன என்பதைப் பார்ப்போம்.

கோலி சோடாவும் கடலும்

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும், நம் மேல் இருக்கும் அழுத்தம் ஒரு பங்கு கூடுகிறது. 10 மீட்டர் என்பது சுமார் 33 அடி.

தரையில் அழுத்தம் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டரில் அது 2. 20 மீட்டரில் 3. 40 மீட்டரில் 5.

அந்த அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைக் கொடுத்தால்தான் நெஞ்சு விரியும். ஆகவே 40 மீட்டர் ஆழத்தில் ஒருவர் இழுக்கும் ஒரு மூச்சில், தரையில் இழுக்கும் ஐந்து மூச்சுக் காற்று இருக்கிறது! பிராணவாயுவும் ஐந்து மடங்கு. நைட்ரஜனும் ஐந்து மடங்கு.

தரையில் நைட்ரஜன் ஒரு சாது. உள்ளே போகும், வெளியே வரும், நம்மை ஒன்றும் செய்யாது. ஆழத்தில் அது இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து ஊறிவிடுகிறது.

கோலி சோடாவைப் பாருங்கள். மூடி இருக்கும்வரை உள்ளே வாயு இருப்பதே தெரியாது. கோலியைத் தட்டினால் உடனே நுரைத்துப் பொங்குகிறது. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வருகிறவரின் உடம்பும் இப்படித்தான். கரைந்திருந்த நைட்ரஜன் குமிழி குமிழியாகக் கிளம்புகிறது. மூட்டுக்களில் தாங்க முடியாத வலி. குமிழி முதுகுத் தண்டில் சிக்கினால் கால் விளங்காமல் போகும். உயிரும் போகலாம்.

இதற்கு வழி, மூடியை மெதுவாகத் திறப்பதுதான். கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும். இந்தப் படிக்கட்டுக் கணக்கை ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1908-ம் ஆண்டில் வெளியிட்டார். இன்றைய கணக்குகள் பலவற்றுக்கு அதுவே அஸ்திவாரம்.

ஹனோயில் இறந்த விஞ்ஞானி

நைட்ரஜன் குமிழிதான் குற்றவாளி என்று நிரூபித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் பெயர் பால் பெர்.

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். இங்கிருந்து பலர் அந்தக் காலத்தில் சைகோனுக்கும் இந்தோ-சீனாவின் மற்ற ஊர்களுக்கும் உத்தியோகம் பார்க்கப் போனார்கள். அந்த இந்தோ-சீனாவுக்கே 1886-ம் ஆண்டில் பெரிய அதிகாரியாக அனுப்பப்பட்டவர் பால் பெர். அதே ஆண்டு ஹனோய் நகரில் காலமானார்.

அதிகாரி ஆவதற்கு முன்பு அவர் ஒரு பெரிய ஆராய்ச்சியாளர். காற்றழுத்தம் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் 1878-ல் வெளிவந்தது. சிறு பறவைகளையும் நாய்களையும் கூண்டில் வைத்து, பிராணவாயுவை அழுத்தி அழுத்திச் செலுத்திப் பார்த்தார். என்ன நடந்தது? அவை வலிப்பு வந்து துடித்தன!

உயிர் கொடுக்கும் வாயு. பெயரே பிராணவாயு. அளவு மீறினால் அதுவே விஷம்! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொல்வதை அந்த விஞ்ஞானி கூண்டில் வைத்துக் காட்டிவிட்டார்.

தப்பிப் பிழைத்தவர்கள்

அந்த 1878-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஹென்றி ஃபிளூஸ் என்பவர் ஒரு கருவி செய்தார். அதில் நிரப்பியது பிராணவாயு. 1879-ல் செவர்ன் ஆற்றின் அடியில் தோண்டிய ரெயில் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. 1880-ல் அலெக்சாண்டர் லாம்பர்ட் என்ற முக்குளிப்பவர் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு, இருட்டுச் சுரங்கத்துக்குள் போய், இரும்புக் கதவை மூடிவிட்டு வந்தார். அசகாய சூரத்தனந்தான்! ஆனால் ஆழத்தில் பிராணவாயுவே எமன் ஆகும் என்பது அன்றைய முக்குளிப்பவர்களுக்குத் தெரியாது. லாம்பர்ட் தப்பியது அதிர்ஷ்டம்.

1939-ல் கூஸ்தோ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பிராணவாயுக் கருவியோடு கடலில் இறங்கினார். சுமார் 45 அடி ஆழத்தில் அவருக்கு வலிப்பு வந்தது. தப்பினார். கருவியைத் திருத்திக்கொண்டு மறுபடியும் இறங்கினார். மறுபடியும் வலிப்பு!

கூஸ்தோ பிராணவாயுவைக் கைவிட்டார். காக்னான் என்ற எஞ்சினீயரோடு சேர்ந்து, 1943-ல் காற்றுக் குடுவைக் கருவியைச் செய்தார். இன்று உலகெங்கும் முக்குளிப்பவர்கள் முதுகில் சுமப்பது அந்தக் கருவியின் பேரப்பிள்ளைதான்.

1.4 என்ற எல்லைக்கோடு

எவ்வளவு பிராணவாயு கூடும்? இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது.

தரையில் சுத்தமான பிராணவாயுவைச் சுவாசித்தால் அதன் அளவு 1. சாதாரணக் காற்றில் 0.21. அழுத்தம் எத்தனை மடங்கோ, இந்த எண்ணும் அத்தனை மடங்கு பெருகும். நீருக்குள் நீந்தும்போது இது 1.4-க்கு மேல் போகக்கூடாது. மேலே வரும் வழியில் அசையாமல் நிற்கும்போது 1.6 வரை போகலாம். இதுவே இன்று முக்குளிப்பவர்களின் பொது விதி.

சுத்தப் பிராணவாயு வெறும் 6 மீட்டர் ஆழத்திலேயே 1.6-ஐத் தொட்டுவிடும். ஒரு தென்னை மரத்தின் உயரம்கூட இல்லை! சாதாரணக் காற்றோ 56 மீட்டர் போனால்தான் 1.4-ஐத் தொடும்.

“அப்படியானால் காற்றிலேயே 56 மீட்டர் போகலாமே?” என்று கேட்பீர்கள்.

போனால் இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. சுமார் 30 மீட்டரைத் தாண்டினால் நைட்ரஜன் போதை தருகிறது! கள் குடித்தவன் போல் தலை கிறுகிறுக்கும். சிலர் காரணம் இல்லாமல் சிரிப்பார்கள். சிலர் பயப்படுவார்கள். குடுவையில் எவ்வளவு காற்று மிச்சம் என்று முள்ளைப் பார்ப்பார்கள். பார்த்தது மனதில் பதியாது. மேலே ஏறினால் போதை தெளிந்துவிடும். ஆனால், ஏற வேண்டும் என்ற புத்தியே அப்போது வராமல் போகலாம்.

பூம்புகாரில் ஒரு கணக்கு

காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியைத் தாண்டினால் பூம்புகார். கடல் கொண்ட பட்டினம் என்று நாம் சொல்லும் ஊர்.

1990-களின் தொடக்கத்தில் கோவாவிலுள்ள தேசியக் கடலாராய்ச்சி நிலையத்தார் இங்கே கடலுக்கு அடியில் தேடினார்கள். கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாடம் போன்ற அமைப்பு ஒன்று தென்பட்டது. முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். அது மனிதன் கட்டியதா, இயற்கை அமைத்ததா என்று இன்னும் வாதம் நடக்கிறது. பூம்புகாருக்கு அப்பால் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் ஓர் உடைந்த கப்பலும் கிடைத்தது. அதிலிருந்த ஈயப் பாளங்களில் 1791, 1792 என்ற ஆண்டுகள் பொறித்திருந்தன.

இந்த 23 மீட்டருக்கு எந்த வாயு ஏற்றது?

காற்று போதும். பிராணவாயு அளவு 0.7 கூட ஆகாது. போதையும் பெரிதாக இராது. தொந்தரவு எல்லாம் நேரந்தான். சுமார் அரை மணிக்குமேல் அடியில் இருந்தால், மேலே வரும் வழியில் படிப்படியாக நிற்க வேண்டி வரும். அளந்து, படம் வரைந்து வேலை செய்கிறவர்களுக்கு அரை மணி எம்மாத்திரம்?

இங்கேதான் ‘நைட்ராக்ஸ்’ கைகொடுக்கிறது. பிராணவாயுவை 21 பங்கிலிருந்து 32 பங்காக உயர்த்திய காற்று அது. நைட்ரஜன் குறைவதால் உடம்பில் ஊறுவதும் குறைவு. அரை மணி, சுமார் முக்கால் மணி ஆகிறது.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பது இல்லை. 32 பங்கு நைட்ராக்ஸ் சுமார் 33 மீட்டரிலேயே 1.4 என்ற கோட்டைத் தொட்டுவிடும். அதை மாட்டிக்கொண்டு 45 மீட்டருக்கு இறங்குகிறவர் எமனோடு விளையாடுகிறார்.

நைட்ராக்ஸ் ஆழத்துக்குப் போவதற்கு அல்ல. ஆழம் குறைந்த இடத்தில் அதிக நேரம் இருப்பதற்கு!

மட்டக்களப்பில் இன்னொரு கணக்கு

இனி இலங்கைக்குப் போவோம். மட்டக்களப்புக்கு அருகே கடலுக்கு அடியில் ‘ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு அதை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டார்கள்.

கப்பல் கிடக்கும் ஆழம் சுமார் 53 மீட்டர். அங்கே அழுத்தம் 6.3 மடங்கு.

காற்றோடு போனால் பிராணவாயு 1.32. கோட்டுக்கு உள்ளேதான். ஆனால் போதை பலமாக இருக்கும். அதோடு, 6 மடங்கு இறுகிய காற்று கஞ்சி போல் கனத்துவிடும். இழுக்கவும் விடவும் சிரமம். மூச்சை முழுதாக வெளியே விட முடியாமல் கரியமில வாயு உள்ளே தேங்கும். தலைவலி, படபடப்பு, கடைசியில் மயக்கம்.

இங்கே நைட்ராக்ஸும் உதவாது. பிராணவாயு கோட்டைத் தாண்டிவிடும்.

பிராணவாயுவைக் கூட்டவும் முடியாது. நைட்ரஜனைக் கூட்டவும் முடியாது. அப்படியானால் வேறு எதைச் சேர்ப்பது?

ஹீலியம்! அது போதை தருவது இல்லை. மிகவும் லேசானது. பிராணவாயு 18, ஹீலியம் 45, மீதி 37 பங்கு நைட்ரஜன் என்று ஒரு கலவை உண்டு. மூன்று வாயு சேர்வதால் ‘டிரைமிக்ஸ்’ என்று பெயர். இதோடு 53 மீட்டருக்குப் போனால் பிராணவாயு 1.13-தான். நைட்ரஜன் போதையோ, காற்றில் 20 மீட்டர் போனவருக்கு இருக்கும் அளவுதான். மூச்சும் லேசாகிறது. காற்றாக இருந்தால் ஒரு லிட்டர் 8 கிராம் கனக்கும். இந்தக் கலவை சுமார் 5 கிராம்.

திரும்பி வரும்போது வேறு குடுவைகள். 21 மீட்டருக்கு வந்ததும், பாதிக்குப் பாதி பிராணவாயு உள்ள குடுவைக்கு மாறுவார்கள். 6 மீட்டருக்கு வந்ததும் சுத்தப் பிராணவாயு. ஊறிய வாயுக்களை அது சீக்கிரம் கழுவி வெளியேற்றும்.

எந்த ஆழத்தில் எந்தக் குடுவை? மாற்றி வாயில் வைத்தால் தீர்ந்தது! ஆகவே இறங்குவதற்கு முன்பு ஒவ்வொருவரும் தம் குடுவையைத் தாமே கருவி வைத்துச் சோதிப்பார்கள். என்ன வாயு, எத்தனை மீட்டர் வரை என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவார்கள். கடைக்காரர் சொன்னார், நண்பர் சொன்னார் என்ற பேச்சுக்கே அங்கே இடம் இல்லை.

குத்தாலத்து ஹீலியம்

இந்த ஹீலியம் நமக்கு அந்நியம் அல்ல. 1868 ஆகஸ்ட் 18-ந் தேதி அன்றைய சென்னை ராஜதானியில் முழுச் சூரிய கிரகணம். அதைக் குண்டூரிலிருந்து ஆராய்ந்தார் ஜான்சன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. சூரியனின் ஒளியை வைத்து நடந்த அந்த ஆண்டு ஆராய்ச்சிகளில்தான் ஹீலியம் வெளிப்பட்டது. பூமியில் அது கையில் சிக்கியது 1895-ல்தான்.

காவிரிப் படுகையின் மண்ணுக்கு அடியிலும் அது இருக்கிறது. மாயவரத்துக்குப் பக்கத்திலுள்ள குத்தாலத்தில், பூமியிலிருந்து எடுக்கும் எரிவாயுவோடு ஹீலியமும் வருகிறது. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அதைப் பிரித்தெடுக்க விஞ்ஞானிகள் அங்கே சோதனை ஆலை அமைத்தார்கள். நமக்கு வேண்டிய ஹீலியத்துக்கு வெளிநாடுகளையே நம்ப வேண்டியிருக்கிறது. அதனால் விலை அதிகம்.

ஹீலியம் சுவாசித்தால் குரல் வாத்து கத்துவது போல் ஆகிவிடும். அது உடம்புச் சூட்டையும் வேகமாகக் கடத்திவிடும்.

துவைத்துக் கட்டும் மூச்சு

தரையில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் காற்று இழுக்கிறவர், 53 மீட்டர் ஆழத்தில் 126 லிட்டர் இழுப்பார். உடம்புக்கு உண்மையில் வேண்டிய பிராணவாயு சுமார் ஒரு லிட்டர்தான்! மற்றது எல்லாம் குமிழியாக வீண். விலை கொடுத்து வாங்கிய ஹீலியமும் அதோடு போகிறது.

இதைத் தடுக்க ஒரு கருவி இருக்கிறது. ‘ரீபிரீதர்’ என்று பெயர். கட்டின வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொள்வது போல, விட்ட மூச்சையே சுத்தம் செய்து மறுபடி சுவாசிக்கும் கருவி. விட்ட மூச்சு ஒரு பெட்டி வழியாகப் போகும். அதிலுள்ள சுண்ணாம்புக் கலவை கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். செலவான பிராணவாயுவைக் கருவி சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும். குமிழி வராது, சத்தம் வராது, மணிக்கணக்கில் இருக்கலாம்.

ஆனால் இதுபோல் ஏமாற்றும் கருவியும் வேறு இல்லை. பிராணவாயு குறைந்தால் மூச்சு முட்டாது. முன்னறிவிப்பே இல்லாமல் மயக்கம் வரும். கூடினால் வலிப்பு. சுண்ணாம்பு தீர்ந்தால் கரியமில வாயு. ஆகவே பிராணவாயுவை அளக்க மூன்று அளவிகள் வைத்திருக்கிறார்கள். கருவி கெட்டால் ஏறி வருவதற்குத் தனிக் குடுவையும் கொண்டு போகிறார்கள்.

அதில் நிரப்பும் கலவையையும் ஆழத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். 100 மீட்டருக்கு 10 பங்கு பிராணவாயு உள்ள கலவை சரி. அதையே படகில் உட்கார்ந்து சுவாசித்தால் மூர்ச்சை போட்டு விழலாம்!

பற்றி எரிந்த கப்பல்

எண்ணெய் வேலைக்காகக் கடலடியில் இறங்குகிறவர்கள் ஹீலியமும் பிராணவாயுவும் கலந்து சுவாசிக்கிறார்கள். நாள் கணக்கில் கப்பலிலுள்ள அழுத்த அறையிலேயே தங்குகிறார்கள்.

2005 ஜூலை 27-ந் தேதி, பம்பாய்க் கடலில், ‘சமுத்திர சுரக்ஷா’ என்ற கப்பல் எண்ணெய் மேடையில் மோதியது. தீ பிடித்தது. மேடையும் எரிந்தது, கப்பலும் எரிந்தது. 22 பேர் மாண்டார்கள். கப்பலின் அழுத்த அறையில் ஆறு பேர் இருந்தார்கள். கதவைத் திறந்து ஓடிவர முடியாது. திறந்தால் கோலி சோடா கதைதான்! தீக்கு நடுவே, அடைத்த அறையில் காத்திருந்தார்கள். 36 மணி நேரத்துக்குப் பிறகு ஆறு பேரும் மீட்கப்பட்டார்கள்.

நம் பிள்ளைகளுக்கு

“இது எல்லாம் பெரிய கப்பல், பெரிய கணக்கு. நமக்கு என்ன?” என்று நினைக்க வேண்டாம்.

தூத்துக்குடி, ராமநாதபுரம் கடல்களில் சங்கு எடுப்பவர்களில் சிலர், படகில் கம்ப்ரஸரை வைத்து, ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். அதுவும் வாயுதான். அதற்கும் கணக்கு உண்டு. எஞ்சின் புகை குழாயில் கலந்தால் அது விஷக் காற்று. வாசனை காட்டிக் கொடுக்கும் என்று நம்பக் கூடாது. அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பல தடவை இறங்கி, அவசரமாக ஏறினால் குமிழி நோய் நிச்சயமாகத் தேடி வரும்.

காரைக்கால் மேடு, கிளிஞ்சல் மேடு, பட்டினச்சேரி பிள்ளைகளும் நாளை கடலடி வேலைக்குப் போகலாம். அவர்களைப் பெற்றவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

கடலிலிருந்து ஏறியவருக்கு மூட்டு வலியோ, கால் மரத்துப் போவதோ, தலைச்சுற்றலோ வந்தால், “தூங்கி எழுந்தால் சரியாகும்” என்று விடாதீர்கள். வலி போக மறுபடி கடலில் இறக்கவும் கூடாது. படுக்க வையுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கடலில் இறங்கியவர் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

அங்கே டாக்டர் முதலில் கொடுப்பது என்ன தெரியுமா? சுத்தமான பிராணவாயு!

20 மீட்டர் ஆழத்தில் எமனாக இருந்த அதே வாயு, கரையில் மருந்தாகிக் குமிழியைக் கரைக்கிறது. வாயு ஒன்றுதான். இடந்தான் வேறு.

இனி உங்கள் பேரன், “தாத்தா, முதுகிலே என்னது?” என்று கேட்டால், “எவ்வளவு ஆழத்துக்குப் போகிறார் என்று முதலில் கேள்” என்று சொல்லுங்கள்.